எஜமானன் கட்டிலில் தேனிலவு

2025 மே 15 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு மாளிகை தீப்பற்றி எரிந்தது. நாட்டவே என்பது அதன் பெயர். மிசிசிப்பி நதிக்கரையில், ஒயிட் காசில் என்னும் சிற்றூரில் 1859ல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகை அது. 64 அறைகள்; 53,000 சதுர அடி; வெள்ளை வெளேரென்ற தூண்கள்; சுவர் முதல் தரை வரை வெள்ளை பூசிய நடன மண்டபம். உள்நாட்டு யுத்தத்திற்கு முன் தென்மாநிலங்களில் கட்டப்பட்டு நிலைத்து நின்ற மாளிகைகளில் இதுவே மிகப் பெரியது என்று பெயர் வாங்கியிருந்தது.

சமீப காலத்தில் அது ஒரு தங்குவிடுதியாக நடந்து வந்தது. பணமுள்ளவர்கள் அங்கே கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணம் ஆனவர்கள் தேனிலவுக்கு வந்து தங்கினார்கள். இரவில் பழைய காலத்துக் கட்டில், காலையில் நதியைப் பார்த்தபடி பலகாரம்.

தீ அணைந்த கையோடு அமெரிக்காவில் இரண்டு குரல்கள் எழுந்தன. ஒரு குரல், "ஐயோ, சரித்திரம் சாம்பலாயிற்றே, எங்கள் கல்யாணம் நடந்த இடமாயிற்றே" என்று அழுதது. இன்னொரு குரல் சிரித்தது. கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் அந்த நெருப்பின் படங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டு மகிழ்ந்தார்கள்.

ஒரு வீடு எரிவதைக் கண்டு மக்கள் சிரிப்பார்களா? காரணமில்லாமல் சிரிக்க மாட்டார்கள். அந்த மாளிகையைக் கட்டிய ஜான் ஹாம்ப்டன் ராண்டால்ப் ஒரு கரும்புத் தோட்ட முதலாளி. 1860ம் ஆண்டுக் குடிமதிப்புக் கணக்கின்படி அவனிடம் 155 அடிமைகள் இருந்தார்கள். சைப்ரஸ் மரம் வெட்டியவர்கள் அவர்கள். செங்கல் அறுத்துச் சூளையில் சுட்டவர்கள் அவர்கள். யுத்தம் மூண்டு விடுதலை நெருங்கி வருகிறது என்று தெரிந்ததும் ராண்டால்ப் அவர்களை டெக்ஸாசுக்கு ஓட்டிக்கொண்டு போய் அங்கே பருத்தி பயிரிட்டான். விடுதியின் விளம்பரத்தில் இதெல்லாம் உண்டா? வளாகத்திலுள்ள ஓக் மரங்களின் வயது இருந்தது. மனிதர்களைப் பற்றிப் பேச்சே இல்லை என்று அமெரிக்கப் பத்திரிகைகளே எடுத்துக்காட்டின.

மரத்துக்கு வயது உண்டு, மனிதனுக்குப் பெயர்கூட இல்லை! இதுதான் இன்று அமெரிக்காவின் தென்பகுதியில் அமோகமாக நடக்கும் "சரித்திரப் புகழ்பெற்ற காதல் விடுதி" வியாபாரம்.

விடுதி என்றால் தவறா?

வாசகர்கள் ஒன்றை நினைத்துவிடக் கூடாது. வழிப்போக்கன் தங்குவதற்கு இடம் கொடுப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. பெட் அண்டு பிரேக்பாஸ்ட் என்று அங்கே சொல்கிறார்கள். படுக்கையும் காலைப் பலகாரமும் என்று அர்த்தம். கணவனை இழந்த ஒரு பெண், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட ஒரு கிழத் தம்பதி, மிச்சமிருக்கும் ஓர் அறையை வாடகைக்கு விட்டுக் காலையில் முட்டையும் ரொட்டியும் செய்து போட்டு நாலு காசு பார்ப்பது என்பதுதான் அதன் பூர்வீகம். அதில் சுரண்டலும் இல்லை, சூதும் இல்லை. புதிதாய் மணந்தவர்கள் பழைய வீடொன்றில் இரண்டு நாள் நிம்மதியாக இருக்க ஆசைப்படுவதும் இயற்கையே. உழைக்கிற மக்களுக்கும் அந்த ஆசை உண்டு. ஓய்வும் பணமும்தான் இல்லை.

ஆனால் லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கும் பேட்டன் ரூஜ் நகரத்துக்கும் நடுவே நதியை ஒட்டிப் போகும் சாலையில் விற்கப்படுவது வெறும் அறை அல்ல. அங்கே தங்க வருகிறவனுக்கு ஓர் இரவு முழுவதும் எஜமானனாக இருக்கும் சுகம் விற்கப்படுகிறது. தூண்கள் வரிசையாக நிற்கும் தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், எதிரே எஜமானன் எந்தக் காட்சியைப் பார்த்தானோ அதே காட்சி. அவன் படுத்த மாதிரியான நாலு தூண் கட்டில். அவன் மனைவி மாட்டியிருந்த மாதிரியான திரைச்சீலை. எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒன்றுதான் காணோம். அந்தக் காட்சிக்குள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த மனிதனைக் காணோம். அவனை எடுத்துவிட்டால்தான் அந்த இடத்துக்குக் "காதல்" என்ற பெயர் பொருந்தும். அவன் உள்ளே இருந்தால் அதற்குப் பெயர் வேறு.

என்ன பெயர்? கட்டாய உழைப்பு முகாம் என்று பெயர். இது நம்முடைய வாய்த்துடுக்கல்ல. அமெரிக்கச் சரித்திர ஆசிரியர்களில் பலர் இப்போது "தோட்டம்" என்ற அழகிய சொல்லைத் தள்ளிவிட்டு இந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

சர்க்கரை செய்த தூண்கள்

இந்தத் தூண்களை எந்தப் பணம் நிறுத்தியது? சர்க்கரை நிறுத்தியது. 1795ல் நியூ ஆர்லியன்ஸ் அருகில் எத்தியேன் தெ போரே என்பவன் கரும்புச் சாற்றை வியாபார அளவில் சர்க்கரை மணிகளாக்கிக் காட்டினான். அவ்வளவுதான், நதிக்கரை முழுவதும் கரும்பு மூடிவிட்டது. ஆனால் லூசியானா வெப்பப் பிரதேசம் அல்ல. அங்கே உறைபனி விழும். பனி விழுந்தால் நின்ற கரும்பு கெட்டுவிடும். ஆகவே அக்டோபரில் வெட்டத் தொடங்கினால் டிசம்பர், ஜனவரிக்குள் வெட்டி, பிழிந்து, காய்ச்சி முடித்தாக வேண்டும். இந்த அவசரம் முழுவதும் யார் முதுகில் விழுந்தது என்று சொல்ல வேண்டுமா? ஆலை இரவும் பகலும் ஓடியது. நாளைக்கு 16 மணி, 18 மணி என்று வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது. கொதிக்கும் சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து அடுத்த கொப்பரைக்கு அகப்பையால் மொண்டு ஊற்றுகிற வேலை. தூக்கத்தில் கை தவறினால் தோல் உரிந்துவிடும். உருளையில் கரும்பு திணிக்கும்போது கை போனவர்கள் எத்தனையோ பேர்.

நாட்டில் மற்றப் பகுதிகளில் அடிமைகளின் தொகை பிறப்பால் பெருகியது. லூசியானாக் கரும்புச் சீமையிலோ சாவு பிறப்பை மிஞ்சியது. தேய்ந்த இயந்திரத்துக்குப் புதுச் சக்கரம் வாங்குவது போல, நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் புது மனிதர்களை வாங்கி நிரப்பினார்கள். நாட்டிலேயே மிகப் பெரிய அடிமைச் சந்தை அது. 1860ல் லூசியானாவில் மட்டும் 3,31,726 பேர் அடிமைகள்.

இடையில் ஒரு விஷயம். கொப்பரை கொப்பரையாக மொண்டு ஊற்றும் அந்தக் கொடுமையை ஒழிக்கும் யந்திரத்தைக் கண்டுபிடித்தவர் நார்பர்ட் ரில்யூ. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த, அடிமையல்லாத கலப்பின மனிதர். ஒரு கலத்தில் எழும் நீராவியைக் கொண்டே அடுத்த கலத்தின் சாற்றைக் கொதிக்க வைக்கும் முறைக்கு 1843ல் காப்புரிமை பெற்றார். இன்று உலகத்தின் சர்க்கரை ஆலைகளெல்லாம், நம்முடைய தமிழ்நாட்டு ஆலைகள் உட்பட, அந்த முறையில்தான் சாறு காய்ச்சுகின்றன. முதலாளிகள் அவருடைய யந்திரத்தை வாங்கினார்கள். அடிமைகளை விடுதலை செய்தார்களா? யந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தில் இன்னும் அதிகக் கரும்பு நட்டார்கள்.

மனிதர்களை உழைப்புக்கு மட்டுமா உபயோகித்தார்கள்? அடகு வைக்கவும் உபயோகித்தார்கள். தோட்டக்காரன் கடன் வாங்க வங்கிக்குப் போவான்; நிலத்தோடு சேர்த்து அடிமைகளையும் ஈடு காட்டுவான். 2005ல் ஜே.பி.மார்கன் சேஸ் வங்கி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பிற்காலத்தில் அதனோடு சேர்ந்துவிட்ட இரண்டு லூசியானா வங்கிகள் 1831க்கும் 1865க்கும் இடையே சுமார் 13,000 அடிமைகளை ஈடாக ஏற்றுக்கொண்டன என்றும், கடன் திரும்பாதபோது சுமார் 1,250 பேருக்கு அந்த வங்கிகளே சொந்தக்காரர்களாகிவிட்டன என்றும் ஒப்புக்கொண்டது. நதிக்கரைத் தூண்களின் அடியில் செங்கல் மட்டும் இல்லை. வங்கிக் கணக்குப் புத்தகமும் இருக்கிறது.

அந்துவானின் மரம்

ஓக் ஆலி என்ற இன்னொரு மாளிகையைப் பற்றிக் கேள்விப்படாத அமெரிக்கன் இருக்க மாட்டான். 1830களின் கடைசியில் கட்டப்பட்டது. வாசலிலிருந்து நதி வரை இரண்டு வரிசையில் 28 ஓக் மரங்கள். காலண்டர்களிலும் சினிமாக்களிலும் வந்து வந்து உலகப் புகழ் அடைந்த காட்சி. அங்கேயும் தங்குவதற்குக் குடில்கள் உண்டு.

அந்தத் தோட்டத்தில் அந்துவான் என்று ஓர் அடிமைத் தோட்டக்காரர் இருந்தார். பிக்கான் என்ற கொட்டை மரத்தில் நல்ல ஓடு மெல்லிய ரகத்தை விதை போட்டு எடுக்க முடியாது. விதைக்கு விதை குணம் மாறிவிடும். ஒட்டுக்கட்டி எடுக்கலாமென்று பலர் முயன்றும் பலிக்கவில்லை. 1846-47 குளிர்காலத்தில் அந்துவான் 16 மரங்களில் ஒட்டுக்கட்டி வெற்றி கண்டார். இன்று அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலர் புரளும் பிக்கான் விவசாயம் அந்தக் கைவேலையிலிருந்து கிளம்பியது. 1876ல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டு விழாப் பொருட்காட்சியில் அந்த ரகம் பரிசு பெற்றது. 'சென்டெனியல்' என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். மரத்துக்குப் பெயர் சூட்டினார்கள். அந்துவானுக்குக் குடும்பப் பெயர் என்ன, எங்கே புதைத்தார்கள் என்பதற்கு ஏடு கிடையாது. எஜமானனின் சொத்துப் பட்டியலில் ஒரு வரி உண்டு: வயது 38, பிக்கான் ஒட்டுக்கட்டுவதில் தேர்ந்தவன், விலை 1,000 டாலர்.

நியாயமாகச் சொன்னால், ஓக் ஆலிக்காரர்கள் 2013 முதல் அடிமைக் குடிசைகளை மீண்டும் கட்டி, அங்கிருந்தவர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்துவானின் கதையையும் சொல்கிறார்கள். நல்லதே. மக்கள் கேட்கத் தொடங்கியதால் வந்த மாறுதல் இது. ஆயினும் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு இருபது அடி நடந்து போய்க் கல்யாண விருந்தில் உட்காரலாம் என்ற ஏற்பாட்டை நம்மால் ஏற்க முடியவில்லை.

பேயாக்கப்பட்ட பெண்

இதைவிட விசித்திரம் ஒன்று. செயின்ட் பிரான்சிஸ்வில் என்ற ஊரில் மர்ட்டில்ஸ் என்ற பழைய வீடு, 1796ல் எழும்பியது. அதுவும் படுக்கையும் பலகாரமுமான விடுதிதான். ஆனால் அங்கே விலைபோவது அழகு மட்டுமல்ல, பயமும்கூட. "அமெரிக்காவிலேயே அதிகம் பேய் நடமாடும் வீடு" என்று விளம்பரம். பேய் யார்? குளோயி என்ற அடிமைப் பெண்ணாம். எஜமானன் அவளை வைத்திருந்தானாம். ஒட்டுக் கேட்டதற்காக அவள் காதை அறுத்தானாம். அவள் பலகாரத்தில் விஷம் கலந்து எஜமானியையும் குழந்தைகளையும் கொன்றாளாம். மற்ற அடிமைகளே அவளைத் தூக்கிலிட்டார்களாம். பச்சைத் தலைப்பாகையோடு இன்றும் தாழ்வாரத்தில் நடக்கிறாளாம்!

ஏடுகளைப் புரட்டியவர்கள் என்ன சொல்கிறார்கள்? அந்த வீட்டில் குளோயி என்ற பெயரில் அடிமை இருந்ததற்கு ஆதாரம் இல்லை. எஜமானியும் குழந்தைகளும் 1823, 1824ம் வருஷங்களில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்கள். டையா மைல்ஸ் என்ற கறுப்பினச் சரித்திர ஆசிரியை 2015ல் இந்தப் பேய் வியாபாரத்தைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். எஜமானன் அடிமைப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததும், அங்கத்தைச் சிதைத்துத் தண்டித்ததும் கட்டுக்கதை அல்ல. தென்மாநிலங்கள் முழுவதும் நடந்த உண்மை. அந்த உண்மையை உண்மையாகச் சொன்னால் அறை வாடகைக்குப் போகாது. அதையே பேய்க்கதையாக்கி, குற்றவாளியை எஜமானனிலிருந்து அடிமைப் பெண்ணுக்கு மாற்றி, தூக்கிலிட்ட பழியையும் அடிமைகள் தலையிலேயே போட்டுவிட்டால், தேனிலவுத் தம்பதிகள் போர்வைக்குள் கைகோத்துக்கொண்டு நடுங்கி ரசிக்கலாம். உயிரோடு இருந்தபோது உழைப்பைத் திருடினார்கள். இல்லாத ஒருத்தியின் பேயைக்கூட ராத்திரி வேலைக்கு வைத்துவிட்டார்கள். முதலாளித்துவத்தின் சாமர்த்தியமே சாமர்த்தியம்!

இதன் கடைசிப் படியை 2022ல் பார்த்தோம். மிசிசிப்பி மாநிலம் கிரீன்வில் ஊரில், 1830களைச் சேர்ந்த அடிமைக் குடிசை என்று சொல்லியே ஒரு மரக்குடிசையை ஏர்பிஎன்பி மூலம் இரவு வாடகைக்கு விட்டார்கள். உள்ளே மெத்தைக் கட்டில், ஓடு பதித்த குளியலறை. தங்கிப் போனவர்கள் "அற்புதம்" என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின வழக்கறிஞர் ஒருவர் அதை அம்பலப்படுத்தினார். நாடு முழுவதும் கண்டனம் எழுந்த பிறகு கம்பெனி மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் முன்னாள் அடிமைக் குடியிருப்புகள் என்று தெரிந்தவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்தது. அதற்கு முன் 2019ல், கலர் ஆப் சேஞ்ச் என்ற கறுப்பின உரிமை ஸ்தாபனம் நடத்திய இயக்கத்தின் காரணமாக, பின்டரெஸ்டும் சில கல்யாண விளம்பரக் கம்பெனிகளும் இத்தகைய தோட்டங்களைக் கல்யாணக் களமாகப் புகழ்ந்து விளம்பரம் செய்வதைக் கைவிட வேண்டியதாயிற்று. முதலாளிகளுக்குத் தானாக மனசாட்சி பிறக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இரண்டு தடவையும் மக்கள் கேட்டார்கள், அதனால் நடந்தது.

"வேறு வழியில்லை" என்ற வாதம்

விடுதிக்காரர்களின் வாதம் என்ன? "இவ்வளவு பெரிய பழைய கட்டிடத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டாமா? அறை வாடகையும் கல்யாண வாடகையும் இல்லாவிட்டால் இவை இடிந்து போகும், அப்போது சரித்திரமே போய்விடும்" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும்.

இதற்குப் பதில் அதே நதிக்கரையில் நிற்கிறது. விட்னி என்ற பழைய கரும்புத் தோட்டம் 2014 டிசம்பரில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அங்கே கல்யாணம் கிடையாது. தங்கும் அறையும் கிடையாது. வருகிறவர்கள் மாளிகையை முதலில் பார்ப்பதில்லை. அடிமைகளின் பெயர்கள் பொறித்த சுவர்களைப் பார்க்கிறார்கள். செனகல் நாட்டுச் சரித்திர ஆசிரியர் இப்ராஹிமா செக் அங்கே ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்றார். ஜனங்கள் கட்டணம் கொடுத்து வருகிறார்கள், கட்டிடமும் நிற்கிறது. கட்டிலை வாடகைக்கு விட்டால்தான் கூரை நிற்கும் என்பது பொய்.

விட்னியில் லூசியானா அடிமைகளின் 1,07,000 பெயர்கள் பொறித்த கற்சுவர் வரிசை ஒன்று உண்டு. அதற்கு குவெண்டலின் மிட்லோ ஹால் அம்மையாரின் பெயரை வைத்திருக்கிறார்கள். இந்த அம்மையாரைப் பற்றி நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1929ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த வெள்ளைக்காரப் பெண். இளம் பருவத்திலேயே இடதுசாரி இயக்கத்தில் சேர்ந்து நிறவெறிக்கு எதிராக நின்றவர். கறுப்பினக் கம்யூனிஸ்ட் தலைவர் ஹாரி ஹேவுட்டை 1956ல் மணந்தார். வெள்ளையரும் கறுப்பரும் மணப்பது அன்று பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். வேலை கிடைக்கவில்லை, போலீஸ் தொல்லை, ஊர் ஊராக அலைச்சல். 1980களில் லூசியானாவின் ஒரு கிராமக் கச்சேரியில் பழைய பத்திரக் கட்டுகளைப் பார்த்தார். விற்பனைப் பத்திரம், பாகப் பத்திரம், அடமானப் பத்திரம். ஒவ்வொன்றிலும் அடிமைகளின் பெயர், வயது, தொழில், எந்த ஆப்பிரிக்க இனம் என்ற விவரம். எஜமானர்கள் சொத்துக்காக எழுதி வைத்ததை அவர் மனிதர்களுக்காகத் திருப்பி எழுதினார். பதினைந்து வருஷ உழைப்பு. 2000ம் ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேரின் விவரம் யாரும் தேடிப் பார்க்கும்படி வெளிவந்தது. தன் பாட்டனின் பாட்டியார் யார் என்று தெரியாதிருந்த கறுப்பின மக்கள் அதில் தேடிக் கண்டுபிடித்தார்கள். 2022ல் அம்மையார் காலமானார்.

விடுதிக்காரன் காட்டும் சரித்திரத்தில் நாற்காலியும் திரைச்சீலையும் உண்டு. இந்த அம்மையார் காட்டிய சரித்திரத்தில் மனிதர்கள் உண்டு.

காலைப் பலகாரம் கொண்டு வருகிறவர் யார்?

அடிமைத்தனம் 1865ல் ஒழிந்தது. பழங்கதை ஏன் என்று சிலர் கேட்கலாம். ஒழிந்த பிறகு என்ன நடந்தது? கரும்புத் தொழிலாளர்களுக்குக் கூலி காசாகக்கூடக் கிடைக்கவில்லை. முதலாளியின் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகக் கொடுத்தார்கள். 1887 நவம்பரில், அரைவைப் பருவத்தின் உச்சத்தில், சுமார் 10,000 கரும்புத் தொழிலாளர்கள் நைட்ஸ் ஆப் லேபர் சங்கத்தின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் கறுப்பர். நாளைக்கு 1.25 டாலர் கூலி, அதையும் காசாகக் கொடு என்பதே கோரிக்கை. சர்க்கார் பட்டாளம் வந்தது. குடிசைகளிலிருந்து தொழிலாளர்களை வெளியேற்றினார்கள். நவம்பர் 23 அன்று டிபடோ என்ற ஊரில் ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கும்பல் தொழிலாளர் குடியிருப்பில் புகுந்து வேட்டையாடியது. குறைந்தபட்சம் 30 பேர் மாண்டார்கள். அதைவிட அதிகம் என்பவர்களும் உண்டு. நாட்டவே மாளிகையிலிருந்து அதிக தூரமில்லை. எந்தத் தேனிலவு விடுதியின் அறையிலாவது இதைப் பற்றி ஒரு காகிதம் வைத்திருப்பார்களா?

இன்று? காலையில் தட்டு ஏந்தி வருகிறவர், வாடகைக்காரர் போனபின் கசங்கிய படுக்கை விரிப்பை மாற்றுகிறவர், அவர் கூலி என்ன? லூசியானா மாநிலம் தனக்கென்று குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எதுவும் செய்துகொள்ளவில்லை. மத்திய சர்க்கார் 2009ல் நிர்ணயித்த மணிக்கு 7.25 டாலர்தான் அங்கே சட்டம். வாடிக்கையாளர் இனாம் கொடுக்கும் வேலை என்றால் முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதி இனாமில் சேர வேண்டும். விலைவாசி ஏறியது, அறை வாடகை ஏறியது, கூலி மட்டும் சரித்திரச் சின்னமாகிவிட்டது.

வெளியே பார்த்தால் இன்னொரு காட்சி. பழைய தோட்ட நிலங்களைப் பெரிய பெரிய ரசாயனக் கம்பெனிகள் வாங்கி, நதியின் இருமருங்கும் ஆலைகளை எழுப்பிவிட்டன. புற்றுநோய்ச் சந்து என்று ஊர் மக்கள் அந்தப் பகுதிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் யார்? எஜமானர்களின் வாரிசுகள் அல்ல. கரும்பு வெட்டியவர்களின் வாரிசுகள், விடுதலைக்குப் பின் தோட்டத்தின் ஓரத்தில் துண்டு நிலம் வாங்கிக் குடியேறியவர்கள். பயணி தாழ்வாரத்தில் உட்காரும்போது புகைபோக்கி கண்ணில் படாதபடி மரங்கள் மறைத்துக்கொள்ளும்.

நம் வீட்டுக் கதையும்தான்

இது தூரதேசத்து விவகாரம் என்று தமிழ் வாசகர்கள் ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் 1834ல் அடிமைமுறை ஒழிந்தது. நஷ்டஈடு கொடுத்தார்கள், 2 கோடி பவுன்! யாருக்கு? அடிமைகளுக்கல்ல, எஜமானர்களுக்கு. அதே காலத்தில் ஜமைக்காவில் காப்பி பயிரிட்டுப் பழகிய முறை இலங்கை மலைகளுக்கு வந்து இறங்கியது. அடிமைக்குப் பதிலாகத் தமிழ்நாட்டிலிருந்து கடனில் கட்டுண்ட கூலிகள் கங்காணியின் பின்னால் நடந்து போனார்கள். காப்பி போய்த் தேயிலை வந்தது; துரையின் பங்களாவும் தொழிலாளியின் லயமும் அப்படியே நின்றன.

இன்று ஹட்டன் பக்கம், நுவரெலியா பக்கம் துரைமார் பங்களாக்கள் அழகிய தங்குவிடுதிகளாகியிருக்கின்றன. கணப்பு அடுப்பு, பிரம்பு நாற்காலி, வெள்ளை உடுப்புப் பணியாள், காலையில் கட்டிலுக்கே தேநீர். ஓர் இரவு வாடகை கொழுந்து பறிக்கும் பெண்ணின் பல மாதக் கூலியை மிஞ்சும் பங்களாக்களும் உண்டு. 1948ல் குடியுரிமை பறிக்கப்பட்ட சுமார் 7 லட்சம் பேரின் பேரப்பிள்ளைகள் 1,000 ரூபாய் தினக்கூலிக்காக வருஷக்கணக்கில் போராடி 2021ல்தான் அந்தத் தொகையைப் பார்த்தார்கள். அவர்களில் ஏராளமானோர் இன்னும் லயத்து அறைகளிலேயே வாழ்கிறார்கள். பங்களாவுக்கு நூறு வருஷம் ஆனால் பெருமை. லயத்துக்கு நூறு வருஷம் ஆனால் ஒழுகுகிறது.

லூசியானா அடிமையும் மலையகத் தொழிலாளியும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. சந்தையில் விற்கப்பட்டவருக்கும் கடனில் கட்டப்பட்டவருக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் இரு இடத்திலும் பயணிக்கு விற்கப்படுவது ஒன்றே: துரையின் நாற்காலி.

என்ன செய்ய வேண்டும்?

எரிந்த மாளிகைக்கு வருவோம். அந்த நெருப்பைக் கண்டு சிரித்தவர்களை நாம் கண்டிக்க மாட்டோம். 155 பேரின் வாரிசுகளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனாலும் எல்லா மாளிகைகளும் எரிந்து போகட்டும் என்பது நம் அபிப்பிராயம் அல்ல. அந்தச் செங்கல் ராண்டால்பின் செங்கல் அல்ல, சுட்டவனின் செங்கல். கொத்தனும் தச்சனும் கொல்லனும் அடிமைகள். அவர்களுடைய கைத்திறனுக்கு மிஞ்சியிருக்கும் சாட்சியே அந்தக் கட்டிடங்கள்தான். சாட்சியைக் கொல்லக் கூடாது. கூண்டில் ஏற்றிப் பேச வைக்க வேண்டும்.

கட்டிலையும் கல்யாண மண்டபத்தையும் அகற்ற வேண்டும். உழைத்தவர்களின் பெயர்கள் வாசலில் இருக்க வேண்டும், கொல்லைப்புறத்தில் அல்ல. வருமானத்தில் வாரிசுகளுக்குப் பங்கும் நிர்வாகத்தில் அதிகாரமும் வேண்டும். வேலை செய்கிறவர்களுக்குச் சங்கமும் வாழ்வதற்கேற்ற கூலியும் வேண்டும். கனவு என்று சிலர் நகைப்பார்கள். நடந்து காட்டியவர்கள் உண்டு.

1811 ஜனவரி 8 இரவு, லூசியானாவின் லாப்ளாஸ் பகுதியில் மானுவல் ஆன்ட்ரி என்ற முதலாளியின் வீட்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். தலைவர் சார்லஸ் டெலாண்ட். கரும்பு வெட்டும் கத்தியும் கோடரியும் ஆயுதம். முரசும் கொடியுமாக நியூ ஆர்லியன்ஸை நோக்கி அணிவகுத்தார்கள். வழியில் தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்கள் சேர்ந்தார்கள். 200லிருந்து 500 பேர் வரை என்று கணக்கிடுகிறார்கள். ஏழே வருஷங்களுக்கு முன் ஹைத்தியில் அடிமைகள் வென்று தனி நாடு கண்ட செய்தி அவர்களுக்குத் தெரியும். இரண்டு நாளில் துப்பாக்கிகள் அவர்களை வளைத்தன. போரிலும் தூக்கிலுமாக மாண்டவர்கள் சுமார் 95 பேர். விசாரணை நாடகம் நடந்த இடங்களில் டெஸ்ட்ரஹான் மாளிகையும் ஒன்று. அதுவும் இன்று சுற்றுலாத்தலம். வெட்டிய தலைகளைக் கழியில் குத்தி நதிக்கரை நெடுகிலும் நட்டு வைத்தார்கள்.

ஆன்ட்ரியின் வீடு இன்னும் நிற்கிறது. உட்லண்ட் என்று அதற்குப் பெயர். பிற்காலத்தில் கிட் ஓரி என்ற பெரிய ஜாஸ் இசைக் கலைஞர் 1886ல் அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார். 2024 ஜனவரியில் அந்த வீடு கைமாறியது. வாங்கியது ஓட்டல் முதலாளி அல்ல. டிசெண்டன்ட்ஸ் பிராஜெக்ட் என்ற ஸ்தாபனம். ஜோ பேனர், ஜாய் பேனர் என்ற கறுப்பின இரட்டைச் சகோதரிகள் அமைத்தது. இதே ஸ்தாபனம்தான் விட்னிக்குப் பக்கத்தில் கட்டவிருந்த பிரம்மாண்டமான தானியக் கிடங்கை ஊர் மக்களோடு நின்று எதிர்த்தது. 2024 ஆகஸ்டில் கம்பெனி அந்தத் திட்டத்தைக் கைவிட்டுப் போயிற்று. எழுச்சி தொடங்கிய வீட்டின் சாவி இப்போது அடிமைகளின் வாரிசுகள் கையில் இருக்கிறது.